பழைய சோடா பாட்டில் எந்த ஊருடையது? கண்டுபிடிக்க ஒரு வழி

தாத்தா வீட்டுக் கிணற்றைத் தூர்வாரியபோது சேற்றோடு சேர்ந்து ஒரு கோலி சோடா பாட்டில் வந்தது. உள்ளே கோலி இன்னும் உருண்டது. உடம்பில் ஆங்கில எழுத்துகள் எழும்பி நின்றன. இது எங்கே செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு 9 மாதம் ஆனது. அதில் 6 மாதம் சுத்த வீண். பாட்டிலில் இருந்த தவறான பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கொல்லையிலோ இப்படி ஒன்று கிடைத்திருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். சரியாக வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஊர் தெரிந்துவிடும். வருடத்துக்கு இன்னும் இரண்டு மாதம் வையுங்கள். பயணச் செலவு நீங்கலாக எனக்கு ஆனது 700 ரூபாய்க்குள்தான்.

பெரும்பாலும் கோலி பாட்டிலை வைத்தே சொல்கிறேன். நம் பக்கம் அதிகம் கிடைப்பது அதுதான். மூடி போட்ட பாட்டிலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கழுவுவதற்கு முன் படம் எடுங்கள்

கிடைத்த நிலையிலேயே நான்கு பக்கமும், அடிப்பாகமும், வாயும் தெரியும்படி படம் எடுங்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், கூட என்னென்ன கிடைத்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் பாட்டிலோடு ஒரு காசும் வந்தது. அதை யாரோ தனியே எடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் காசின் வருடம் தெரிந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

அப்புறம் கழுவலாம். பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறட்டும். சேறு தானாக இளகும். உள்ளே அழுக்கு ஒட்டியிருந்தால் ஒரு பிடி பச்சரிசியும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் குலுக்குங்கள். கோலி இருப்பதால் வேகமாகக் குலுக்காதீர்கள், கழுத்தில் விரிசல் விழுந்துவிடும். வெந்நீர் கூடாது. கழிவறை ஆசிட் கூடவே கூடாது. கம்பித் தேய்ப்பான் போட்டால் கண்ணாடியின் மேல்தோல் கீறிப்போகும், பிறகு எழுத்தையும் கீறலையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கோலியை வெளியே எடுக்க முயல வேண்டாம். உடைக்காமல் வராது. வாய்க்குள் ரப்பர் வளையம் மிச்சம் இருந்தால் அதையும் நோண்டாதீர்கள்.

2. எழுத்தைப் படியெடுங்கள்

கண்ணால் படிப்பதை நம்பாதீர்கள். தேய்ந்த எழுத்தில் சி-யும் ஜி-யும் ஒன்றாகத் தெரியும். ஐ-யும் எல்-லும் அப்படித்தான். நான் முதல் மாதம் முழுக்க ஒரு ஜி-யை சி என்று படித்துத் தேடினேன்.

மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் செய்யுங்கள்.

இருட்டறையில் டார்ச்சைப் பாட்டிலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேரே அடித்தால் எழுத்து மறையும். சாய்த்தால் நிழல் விழுந்து எழும். அடுத்து, டிரேசிங் தாளைச் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்துப் படியெடுங்கள். காசின் மேல் தாள் வைத்துத் தேய்த்து விளையாடியிருப்போமே, அதேதான். மூன்றாவது, காய்ந்த பாட்டிலில் விபூதியைத் தடவி மேலாகத் துடைத்துவிடுங்கள். எழுத்தோரங்களில் வெள்ளை தங்கும். எனக்கு அடிப்பாகத்து எழுத்து தெரிந்தது விபூதியால்தான். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

படியெடுத்ததை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் பாட்டிலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சேர்த்துக் குறியுங்கள்: முன்பக்க நடு, பின்பக்கம், தோள், அடியோரம், அடித்தட்டு. அடுத்த படி முழுக்க இந்தக் குறிப்பை நம்பித்தான் நடக்கப் போகிறது. எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியோ இருந்தால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். கண்ணாடி வார்க்கும் அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். வெட்டியவர் 'என்', 'எஸ்' போன்ற ஆங்கில எழுத்துகளில் சறுக்கிவிடுவது உண்டு. அந்தச் சறுக்கலே பின்னால் உங்கள் பாட்டிலுக்கு அடையாளமாகலாம்.

3. ஒரே பாட்டிலில் நான்கு பெயர் இருக்கலாம், பிரியுங்கள்

நான் விழுந்த குழி இதுதான். என் பாட்டிலின் பின்புறம் 'பார்ன்ஸ்லி' என்று இருந்தது. பார்ன்ஸ்லி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்து ஊர். உடனே, 'பார்ன்ஸ்லி சோடா கம்பெனி' என்று ஒன்று நம் ஊரில் இருந்திருக்கிறது என முடிவு கட்டிவிட்டேன். அப்படி ஒன்று எங்குமே இல்லை என்று தெரிய அரை வருடம் போனது.

பாட்டிலில் வரும் பெயர்கள் நான்கு வகை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில்.

முதலாவது, சோடா போட்டவர் பெயர். முன்பக்கம், பெரிய எழுத்து, பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு. நீங்கள் தேட வேண்டியது இவரைத்தான். காலி பாட்டில் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் பெயரைக் கண்ணாடியிலேயே போட்டார்கள். ஆகவே அது பாட்டிலின் சொந்தக்காரர் பெயர், செய்தவர் பெயர் அல்ல.

இரண்டாவது, கண்ணாடி ஆலையின் பெயர். அடியோரத்திலோ பின்புறத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். பார்ன்ஸ்லி என்றால் டான் ரைலண்ட்ஸ், ரெட்ஃபெர்ன் பிரதர்ஸ் போன்ற ஆலைகள். இங்கிலாந்தின் இன்னோர் ஊரான செயின்ட் ஹெலன்ஸ் என்றால் நட்டால், கேனிங்டன் ஷா. கேனிங்டன் ஷாவின் பாட்டிலில் பலசமயம் 'சி. எஸ். அண்ட் கோ' என்ற சுருக்கம் மட்டும் இருக்கும். கில்னர் பிரதர்ஸ் என்பதும் யார்க்‌ஷயர் ஆலைதான். இந்தப் பெயர் தெரிந்தால் கண்ணாடி எங்கே வார்த்தது என்பது மட்டுமே தெரியும். சோடா எங்கே போட்டது என்பதற்கு அது உதவாது.

மூன்றாவது, காப்புரிமை பெற்றவர் பெயர். கோலி அடைப்பை 1870களில் காப்புரிமை செய்தவர் லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட். பாட்டிலில் 'காட்ஸ் பேட்டன்ட்' என்று இருந்தால் அந்த அமைப்பு அவருடையது என்றுதான் பொருள். அவர் தன் கையால் ஊதிய பாட்டில் என்று விற்பவர் கதை விட்டால் நம்பாதீர்கள். ரைலண்ட்ஸ், காட் இருவர் பெயரும் சேர்ந்திருந்தால் மட்டும் அது நல்ல தடயம். அந்தக் கூட்டு 1884இல் பிரிந்துவிட்டது.

நான்காவது, இயந்திரம் விற்றவர் பெயர். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லண்டனின் பார்னெட் அண்ட் ஃபாஸ்டர் மாதிரி நிறுவனங்கள் சோடா போடும் இயந்திரத்தையும் பாட்டிலையும் சேர்த்தே விற்றன. அவர்கள் பெயரும் கண்ணாடியில் ஏறியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். முன்பக்க எழுத்தைச் சுற்றி வட்டமாகவோ நீள்சதுரமாகவோ மெல்லிய விளிம்பு தெரிகிறதா? தெரிந்தால், ஆலை ஒரே பொது அச்சை வைத்துக்கொண்டு பெயர்த் தகட்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. சிறிய சோடாக்காரர்களுக்கு இது மலிவான வழி. உங்கள் ஆள் பெரிய முதலாளி இல்லை என்று ஊகிக்கலாம். பெரிய கம்பெனிப் பட்டியல்களில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. வருடத்தை விடுங்கள், முதலில் ஊரைப் பிடியுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது 'எத்தனை வருடம் பழசு?' என்பதுதான். அந்தக் கேள்வியோடு ஆரம்பித்தால் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க அட்டவணைகளில் மாட்டிக்கொள்வீர்கள். ஊர் தெரிந்தால் ஆள் கிடைப்பார், ஆள் கிடைத்தால் வருடம் தானே வரும்.

ஊர்ப் பெயர் முழுதாக இருந்தால் அதன் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். டூட்டிகோரின், டிரிச்சினாபொலி, டான்ஜோர், நெகபட்டாம் என்று ஆங்கிலேயர் எழுதிய வடிவமா, இன்றைய வடிவமா? மெட்ராஸ் என்று இருப்பதை வைத்து மட்டும் பழசு என்று சொல்ல முடியாது. நகரத்தின் பெயர் மாறியது 1996இல்தான். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். 'சிலோன்' பெயர் மாறியது 1972இல். ஆனால் கம்பெனிப் பெயர்களில் அது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 6 இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'எஃப்.பி.ஓ.' என்ற பழப் பண்டங்களுக்கான அரசு முத்திரை இருந்தால் 1955க்குப் பின். அவுன்ஸ் அளவு போட்டிருந்தால் மெட்ரிக் முறை வருமுன். மில்லிலிட்டர் என்றால் 1960களும் அதற்குப் பிறகும்.

தமிழ் எழுத்து இருந்தால் உங்களுக்கு யோகம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததல்லவா? அதற்கு முன் 'சென்னை', 'நெல்லை' இரண்டிலும் ஐகாரம் யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழித்து வரும். 'அண்ணாமலை' என்றால் ணா, லை இரண்டுமே பழைய வடிவம். பாட்டிலில் அந்தச் சுழி இருந்தால் அச்சு வெட்டியது 1978க்கு முன் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் 'மதுரை', 'கோவை' என்று இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. ரை, வை மாறவே இல்லை. என் நண்பர் ஒருவர் 'மதுரை'யை வைத்துக்கொண்டு புது எழுத்து என்று வாதாடினார். அவரிடம் ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.

ஊரே இல்லாமல் ஆள் பெயர் மட்டும் இருந்தால்? பாட்டில் கிடைத்த இடத்தையே ஊர் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுக்காதீர்கள். சோடா பாட்டில் பயணம் போகும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. 1914 முதல் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்த பாதை இருந்தது. அதனால் தென்மாவட்டக் கிணற்றில் கொழும்புப் பாட்டில் வருவதில் அதிசயமில்லை. செட்டிநாட்டு வீடுகளில் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்ப் பாட்டில்கள் இருக்கலாம். 'எஃப் அண்ட் என்' என்று கண்டால் அது 1883இல் சிங்கப்பூரில் தொழில் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ். யானைச் சின்னம் இருந்தால் கொழும்பின் எலிஃபன்ட் ஹவுஸ் என்ற குளிர்பானக் கம்பெனியையும் மனதில் வையுங்கள். போதாக்குறைக்கு, சோடாக்காரர்கள் ஒருவர் கடை மூடினால் இன்னொருவர் அந்தப் பாட்டில்களை வாங்கிக்கொள்வார். ஒருவர் பெயர் போட்ட பாட்டிலில் வேறொருவரின் சரக்கு ஓடும்.

'மேட் இன்' என்று ஏதாவது நாட்டுப் பெயர் இருக்கிறதா என்று அடிப்பாகத்தை இன்னொரு முறை பாருங்கள். இறக்குமதிச் சரக்கின் பிறப்பிடத்தை ஒழுங்குபடுத்திய வணிகக்குறிச் சட்டம் பிரிட்டனில் 1887இலும் இந்தியாவில் 1889இலும் வந்தது. நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியது என்று திருப்பிப் போடக் கூடாது.

5. கண்ணாடியின் உடம்பைப் பாருங்கள், ஆனால் அளவோடு நம்புங்கள்

அச்சு இரண்டு பாதியாகத் திறக்கும். அவை சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு வாய் விளிம்பைத் தாண்டி மேலே வரை ஓடினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்திலேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்தது, ஆகவே சுமார் 1910க்கு முன். அமெரிக்க வழிகாட்டிகள் எல்லாம் இப்படித்தான் சொல்லும்.

கோலி பாட்டிலுக்கு இந்த விதியைப் போடாதீர்கள். கோலியை உள்ளே போட்ட பிறகுதானே வாயைக் குறுக்க முடியும்? பாட்டிலை வார்த்து, கோலியைப் போட்டு, வாயைத் திரும்பச் சூடேற்றி, ரப்பர் வளையத்துக்குப் பள்ளம் எடுத்து முடிப்பார்கள். அதனால் மிகவும் பிந்திய காலத்துக் கோலி பாட்டிலிலும் கோடு கழுத்தில் நிற்கும். தவிர, அமெரிக்க ஆலைக்கு இயந்திரம் வந்த வருடத்தில் இந்திய ஆலைக்கும் வந்துவிடவில்லை. என் பாட்டிலை இந்த ஒரு கோட்டை வைத்து '1880, நிச்சயம்' என்று ஒரு வியாபாரி எழுதிக் கொடுத்தார். அதற்கு 500 ரூபாயும் வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, பயன் ஒன்றும் இல்லை.

மூடி போட்ட பாட்டில் என்றால் நிலைமை கொஞ்சம் தெளிவு. தகர மூடி 1892இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அந்த வகை வாய் இருந்தால் பாட்டில் அதற்குப் பிந்தியது. முட்டை வடிவில், நிற்கவே முடியாமல் படுத்துக்கிடக்கும் பாட்டில் என்றால் கார்க் அடைத்தது, கோலிக்கு முந்திய வகை. ஆனால் கோலி வந்த பிறகும் அது தொடர்ந்து புழங்கியது.

வருட எண்களிடம் எச்சரிக்கை. அடியில் '37' என்றோ '1926' என்றோ இருந்தால் அது அச்சு எண்ணாகவும் இருக்கலாம். காப்புரிமைத் தேதியும் செய்த தேதி அல்ல. கோக்கோ கோலாவின் இடுப்பு வளைந்த பாட்டிலில் '1915 நவம்பர் 16' என்று எழும்பி நிற்கும். அதே தேதியோடு 1920களிலும் பாட்டில்கள் வந்துகொண்டிருந்தன. அதன் அடியில் இருக்கும் ஊரும் நிரப்பியவரின் ஊர், கண்ணாடி வார்த்த ஊர் அல்ல. இந்தியாவில் அந்தக் கம்பெனி முதலில் இருந்தது 1950 முதல் 1977 வரை. திரும்பி வந்தது 1993இல். இந்தியப் பாட்டில் என்று சொல்லி அதற்குத் தரும் வருடம் 1977க்கும் 1993க்கும் இடையில் விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு நம்பகமான சோதனை, கொள்ளளவு. காலிப் பாட்டிலைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போடுங்கள். எத்தனை கிராம் கூடுகிறதோ அத்தனை மில்லிலிட்டர். பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லி, அமெரிக்க அவுன்ஸ் 29.6 மில்லி. 10 பிரிட்டிஷ் அவுன்ஸ் என்றால் 284. விளிம்பு வரை நிரப்பினால் அதைவிடச் சற்றுக் கூடும், அது சரிதான். 200, 300 என்று முழு எண்ணுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் மெட்ரிக் காலத்தது என்று யோசியுங்கள்.

6. டைரக்டரியில் ஆளைத் தேடுங்கள்

இப்போது கையில் ஒரு ஆள் பெயரும் ஓர் ஊர்ப் பெயரும் இருக்கும். இதற்கு ஒதுக்க வேண்டிய காலம் ஒரு மாதம்.

பழைய வணிக டைரக்டரிகள்தான் இங்கே கைகொடுக்கும். தென்னிந்தியாவுக்கு அசைலம் பிரஸ் அல்மனாக், இந்தியா முழுதுக்கும் தாக்கர்ஸ் டைரக்டரி, இலங்கைக்கு ஃபெர்குசன்ஸ் சிலோன் டைரக்டரி. இவற்றில் சில வருடங்களின் தொகுதிகள் ஆர்கைவ் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தே ஆரம்பியுங்கள்.

தேடும்போது 'சோடா' என்று போடாதீர்கள், ஒன்றும் வராது. அந்தக் காலத்து ஆங்கிலத் தலைப்பு 'ஏரேட்டட் வாட்டர்'. அதிலும் இல்லையென்றால் மருந்துக் கடைகள், ஐஸ் ஆலைகள், ஒயின் வியாபாரிகள், பலசரக்கு என்ற தலைப்புகளைப் பாருங்கள். சோடா போடுவது பலருக்குப் பக்கத் தொழில். சென்னை ஸ்பென்சரே ஒரு பெரிய பலசரக்குக் கடையாகத்தானே இருந்தது; அவர்கள் சோடாவும் போட்டார்கள். என் ஆள் கிடைத்தது பொது வியாபாரிகள் பட்டியலில், கடைசி வரியில்.

பெயர் ஒரு வருடத்தில் கிடைத்ததும் நிற்காதீர்கள். ஐந்து வருடம் முன்னே, ஐந்து வருடம் பின்னே என்று தாண்டித் தாண்டிப் பாருங்கள். எந்த வருடம் முதலில் வருகிறார், எப்போது காணாமல் போகிறார் என்பதே உங்கள் பாட்டிலின் காலம். முகவரி மாறினால், கூட்டாளி சேர்ந்து 'அண்ட் சன்ஸ்' ஆனால், 'பிரதர்ஸ்' ஆனால், அந்த வருடத்தையும் எழுதி வையுங்கள். பாட்டிலில் 'அண்ட் சன்ஸ்' இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

இணையத்தில் இல்லாத தொகுதிகளுக்கு நேரில் போக வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தமிழ் விளம்பரங்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம். பழைய தமிழ் இதழ்களின் பின்னட்டையில் சோடா, கலர் விளம்பரம் வரும். படம் இருந்தால் பாட்டிலின் வடிவத்தையே ஒப்பிடலாம். தமிழ் மின்நூலகத்தை அதற்கு முன் வீட்டிலிருந்தே ஒரு தடவை அலசிவிடுங்கள்.

எந்தக் காப்பகம் போனாலும் இவை கையில் இருக்கட்டும்: ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், தேடும் நூலின் பெயரும் வருடமும் எழுதிய பட்டியல், பாட்டிலின் படம். பேனா அனுமதிக்காத இடம் உண்டு, பென்சில் எடுத்துப் போங்கள். ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் ஓர் அலுவலகத்துக்கு இரவு பஸ் ஏறிப் போய், கடிதம் இல்லையென்று திரும்பி வந்தேன். மறுபடி போனதில் பஸ் கட்டணம் இரண்டு மடங்கு. கைபேசியில் படம் எடுக்க அனுமதி உண்டா, நகலுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வார நாட்களில் காலையிலேயே போனால் புத்தகம் எடுத்துத் தர நேரம் கிடைக்கும். உச்சிக்குப் பிறகு போனால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

7. ஊரில் கேளுங்கள்

டைரக்டரியில் முகவரி கிடைத்தால் அந்தத் தெருவுக்கே போங்கள். கடை இருக்காது. ஆனால் பக்கத்தில் பழைய பாத்திரக்கடை, நாட்டு மருந்துக்கடை, அச்சகம் என்று ஏதாவது ஒன்று இரண்டு தலைமுறையாக இருக்கும். 'சோடா கம்பெனி' என்று கேளுங்கள். ஆள் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிபடாது. எங்கள் ஊரில் அந்தக் குடும்பத்தை 'கலர்க்காரர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். குடும்பப் பெயரை நான் மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் தலையாட்டி மறுத்தார்கள். 'கலர்க்காரர்' என்றதும் ஒரு அம்மா கை நீட்டி வீட்டையே காட்டினார்.

பாட்டிலைக் கொண்டு போகாதீர்கள், படம் போதும். பாட்டிலைக் கண்டால் 'இது எங்கள் வீட்டுடையது' என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அது நியாயமும்கூட, பெயர் அவர்களுடையதுதானே. பழைய பில், லெட்டர்பேட், விளம்பரத் தட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு ஒரு கிழிந்த ரசீது கிடைத்தது. அதில் தேதி இருந்தது. 9 மாதத்தில் கிடைத்த ஒரே கையெழுத்துச் சான்று அதுதான்.

சில பெயர்கள் இன்னும் தொழிலில் இருக்கின்றன. காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. அப்படிப்பட்ட பெயர் என்றால் கம்பெனிக்கே நான்கு படங்களோடு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம்.

8. போலி, விலை, சட்டம்

வாங்கிய பாட்டில் என்றால் இதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும். கோலி பாட்டிலை அண்மைக்காலம் வரை வட இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னி பக்கத்தில் செய்துவந்தார்கள். கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்தபின் புதுப் பாட்டில்களும் வந்துவிட்டன. அவற்றைச் சேற்றில் புதைத்து எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பாட்டிலில் தேய்மானம் அடியோரத்திலும் தோளின் மேட்டிலும்தான் இருக்கும்; பெட்டியில் ஒன்றோடொன்று உரசிய இடம் அது. எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் கீறல் இருந்தால் யாரோ மணல்தாள் போட்டிருக்கிறார்கள். அடர் நீலம், ஊதா என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். சாதாரணப் பழைய பாட்டில் இளம் பச்சையும் நீலமும் கலந்த நிறம். மணலில் உள்ள இரும்பால் வருவது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஊர்ப் பெயர் இல்லாத கோலி பாட்டிலுக்கு என்னிடம் கேட்டது 300 ரூபாய். ஊர்ப் பெயர் இருந்ததற்கு 1,200. காயலான் கடையில் அதே வகை 50 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆகவே 'மதிப்பீட்டுச் சான்று' என்று எவர் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்த 500 ரூபாய்க்குக் காயலான் கடையில் பத்து பாட்டில் வரும்.

மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் ஒரு விஷயம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஒற்றைச் சோடா பாட்டிலுக்கு யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் கூடவே காசு, செம்பு, சிலை என்று எது வந்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பது ஆபத்து.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்ப நினைத்தால் கட்டாயம் நில்லுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். நீங்களே கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வருடம் 100ஐத் தாண்டியிருந்தால் அந்தச் சான்று கிடைக்காது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. தொல்பொருள் வியாபாரமாகச் செய்வதற்குத்தான் உரிமம் வேண்டும்.

கடைசியாக, கண்டுபிடித்ததை ஒரு அட்டையில் எழுதிப் பாட்டிலின் கழுத்தில் நூலால் கட்டுங்கள்: எங்கே கிடைத்தது, யார் சோடா போட்டது, எந்த ஆலை, எந்த டைரக்டரியின் எந்தப் பக்கம், எது ஊகம், எது சான்று. என் அட்டையில் இருப்பது இது: கண்ணாடி பார்ன்ஸ்லி, சோடா தூத்துக்குடி, டைரக்டரியில் 1906 முதல் 1919 வரை, ரசீது 1911. பசையோ ஒட்டுநாடாவோ வேண்டாம், கண்ணாடியில் கறை விழும்.